இரண்டாவது நம்பர்

எனக்குத் தினமும் தவறாமல் போன் செய்வது என் மோட்டார் ஒன்றுதான். கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். பேரனுக்குப் பரீட்சை என்றால் அதுவும் கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்தபின் வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் டிவிதான், அதையும் நான் திட்டிக்கொண்டேதான் பார்ப்பேன். மோட்டார் அப்படியில்லை. மழையோ வெயிலோ, கரண்ட் வந்தால் கூப்பிட்டுவிடும்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். தேனி மாவட்டத்தில், தேவாரம் ஊருக்குக் கிழக்கே எங்கள் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் நாள் முழுக்க வராது. முறை வைத்துத்தான் வரும், அந்த முறையும் அடிக்கடி மாறும். அதற்காகக் கிணற்றடியில் காத்துக்கிடந்தது போய், இப்போது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டைப் போட்டு வைத்திருக்கிறோம். கரண்ட் வந்ததும் பெட்டி நம் செல்போனுக்கு அழைக்கும். எடுத்தால் பதிவு செய்த ஒரு பெண்குரல், மும்முனை மின்சாரம் வந்துள்ளது, மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும் என்று சொல்லும். ஒன்றை அழுத்தினால் எங்கேயிருந்தாலும் மோட்டார் ஓடும். அந்தப் பெண்ணுக்கு நான் சில நாள் 'சரிம்மா' என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் சொந்தக்காரனின் நம்பரோடு இரண்டாவதாக இன்னொருவருடைய நம்பரையும் பதிந்து வைப்போம். நமக்கு சிக்னல் இல்லாமல் போகும், உடம்புக்கு முடியாமல் போகும், எழவு வீட்டில் இருப்போம். அப்போது இரண்டாவது ஆள் அழுத்திவிடுவார். பெரும்பாலும் பெண்டாட்டி, இல்லையென்றால் மகன். என் பெட்டியில் இரண்டாவது நம்பர் என் சிநேகிதனுடையது. அவனுக்கு இரண்டு மகன்கள் இருந்தும் அவன் பெட்டியில் என் நம்பர்தான் இருந்தது. "அவனுக போனை வீடியோ பாக்கத்தான் வச்சிருக்கானுக மாப்ள, நீதான் எடுப்ப" என்பான்.

நானும் அவனை மாப்ள என்றுதான் கூப்பிடுவேன். முறை என்று பார்த்தால் ஒன்றும் கிடையாது, பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது. அவன் தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம், என் தோட்டம் இந்தப் பக்கம். இரண்டுக்கும் ஒரே லைன், அதனால் கரண்ட் வந்தால் என் செல்போன் இரண்டு முறை அடிக்கும். முதலில் என் மோட்டார், அடுத்து அவன் மோட்டார். அவனுக்கும் அப்படித்தான். காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அருகருகே உட்கார்ந்திருக்கும்போது இருவர் பையிலும் மாறி மாறி அடிக்கும். டீக்கடைக்காரர், "உங்க சம்சாரங்க கூப்பிடுறாக" என்பார். என் மனைவி இறந்தபிறகு அவர் அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

சிநேகிதன் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தான். வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்த நாளிலிருந்து நான் அவனைக் கேலி செய்யாத நாளில்லை. வரப்பில் இறங்காத சட்டை என்பேன். அவனும் சிரிப்பான். அரசியலை எங்கள் இருவருக்கும் நடுவில் நாங்கள் அதிகம் விட்டதில்லை. அது உள்ளே வந்தது ஒரு கேபிள் வழியாகத்தான்.

ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க இன்டர்நெட் கேபிள் இழுத்தது. அதற்கென்று தனியாகக் கம்பம் நடவில்லை. மின்கம்பங்களிலேயே கட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் வட்டாரத்தில் இழுக்கிற வேலை கட்சி மேலிடம் வழியாகச் சிநேகிதனுக்கு வந்தது. நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு கேபிள் இழுத்தார்கள், பிறகு இன்னொன்று, பிறகு மிச்சம் இருந்ததையெல்லாம் சுருட்டி வளையமாகக் கம்பத்திலேயே தொங்கவிட்டார்கள். ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். என் தோட்டத்து மூலையில் நின்ற கம்பம் அந்தப் பாரத்தில் சாய்ந்தது. கம்பம் சாய்ந்ததும் மின்கம்பி தொய்ந்து என் திராட்சைப் பந்தலுக்கு மேலே, கை நீட்டினால் எட்டுகிற உயரத்துக்கு வந்துவிட்டது.

திராட்சைப் பந்தல் என்பது கல்கால் நட்டு, மேலே கட்டம் கட்டமாக இரும்புக் கம்பி இழுத்துக் கட்டியது. பந்தல் முழுக்க ஒரே கம்பி வலை. ஒரு மூலையில் மின்சாரம் தொட்டால் மறு மூலை வரை பாயும். கொத்து அறுக்கிற பெண்கள் அண்ணாந்து நின்று, ஒரு கையால் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் மறு கையால் வெட்டுவார்கள். ஒருநாள் காற்றில் மின்கம்பி பந்தலை உரசிப் படபடவென்று பொறி பறந்ததை வாய்க்கால் மேட்டிலிருந்து பார்த்தேன். அறுப்பு முடிந்து பெண்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிநேகிதனைக் கூப்பிட்டேன். வந்தான், பார்த்தான், முகம் சுருங்கிப்போயிற்று. மறுநாளே ஆள் அனுப்பிக் கம்பத்தை நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டினான். அடுத்த காற்றுக்குக் கயிறு அறுந்தது. மின்வாரிய ஆபீசுக்குப் போனேன், கேபிள் எங்களுடையது இல்லை என்றார்கள். நிறுவனத்துக்கு போன் போட்டேன், கம்பம் எங்களுடையது இல்லை என்றார்கள். இரண்டும் சேர்ந்து என் தலைக்கு மேலே தொங்குகிறதே, அது யாருடையது என்று கத்தினேன். கடைசியில் மின்வாரியத்து ஆள் ஒருவர் இரக்கப்பட்டு, கம்பத்தில் யார் எதைக் கட்டலாம் என்று முடிவு செய்கிற மாநில ஆணையம் ஒன்று இருக்கிறது, அங்கே எழுதுங்கள் என்றார். அந்த நிறுவனமே இப்போது ஆணையத்தில் ஒரு மனு போட்டிருக்கிறது, கேபிள்களைச் சோதிக்கிற பொறுப்பை மின்வாரியத்திடமிருந்து எடுத்துத் தங்களிடமே விடச் சொல்கிறது, மதுரையில் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வைக்கப்போகிறார்கள் என்றும் சொன்னார்.

திருடன் கையில் சாவி என்று கூட நான் சொல்லமாட்டேன். அவர்கள் திருடர்கள் இல்லை. ஆனால் பார்க்கிறவர், பார்க்கப்படுகிறவர் என்று இரண்டு பேர் வேண்டாமா? ஒருவரே இரண்டுமாக இருந்தால் என் பந்தலுக்குக் கீழே நிற்கிற பெண்களை யார் பார்ப்பது? ஆட்சேபம் எழுதி அனுப்பினேன்.

அது எப்படியோ மேலே போய், மேலேயிருந்து சிநேகிதனிடம் இறங்கிவிட்டது. அன்று சாயங்காலம் தோட்டத்துக்கு வந்தான்.

"மாப்ள, மதுரைக்குப் போகாத."

"ஏன்?"

"மேல இருந்து கேக்குறாக. ஒன் ஒன்றியத்துல இருந்தே, ஒன் சிநேகிதனே எழுதிருக்கானே, நீ என்னத்தப் பொறுப்பு பாக்குறன்னு கேக்குறாக. அந்தக் கம்பெனிக்காரவுக யாரு வீட்டுல உக்காந்து பேசுறாகன்னு ஒனக்குத் தெரியாது. ஆணையத்துல யார உக்கார வைக்கிறதுங்கிறதையே அங்கன வச்சுத்தான் பேசுறாக. நீ போயி அஞ்சு நிமிசம் பேசி என்ன ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாதுன்னா நான் பேசுனா அவுகளுக்கு என்ன வந்துச்சு?"

கம்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். "நான் சரி பண்ணித் தாரேன்னு சொல்றேன்ல" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கயித்தக் கட்டியா?" என்றேன். அவன் ஓடையைத் தாண்டிப் போனான்.

மறுநாள் கரண்ட் வந்தபோது என் செல்போன் ஒரு முறைதான் அடித்தது. கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டாவது அழைப்பு வரவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் நம்பரை எடுத்துவிட்டிருந்தான். நேரில் நாலு வார்த்தை திட்டியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நானும் அவன் நம்பரை எடுத்திருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தேன், மூடினேன். அதற்கு மெக்கானிக் வர வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

கருத்துக்கேட்பு அன்று தேனி போய் அங்கிருந்து மதுரை பஸ் பிடித்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் எங்கள் பஸ்ஸை மூன்று வேன்கள் தாண்டிப் போயின. உள்ளே எங்கள் ஊர்க்காரர்கள். நிறுவனத்துக்கு ஆதரவாக உட்கார சிநேகிதன் கூட்டிப்போகிறான். ஜன்னலில் என்னைப் பார்த்ததும் அத்தனை பேரும் சந்தோஷமாகக் கை காட்டினார்கள். ஒருவர் மட்டும் எதற்காகப் போகிறோம் என்று நினைவு வந்து பாதியில் கையை இறக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மண்டபத்தில் மேடையில் ஆணையத்தலைவரும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். செல்போனை அணைத்து வைக்கவும் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தது. எழுதியிருந்தால் செய்துவிடுகிற ஜாதி நான், அணைத்தேன். நிறுவனத்துக்காரர்கள் திரையில் படம் போட்டு மத்தியானம் வரை பேசினார்கள். நேரம் முடிந்தது என்று அவர்களுக்கு யாரும் மணி அடிக்கவில்லை. நிறுவனத்து அதிகாரி ஒருவர் மேடைக்கே ஏறி உறுப்பினர் ஒருவரின் காதில் ஏதோ சொல்லிவிட்டு இறங்கினார், இருவரும் சிரித்துக்கொண்டார்கள். என்ன சொன்னாரோ, வீட்டில் சௌக்கியமா என்று கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் கீழே உட்கார்ந்திருந்த எனக்கு அது அப்படித் தோன்றவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போகும்போது ஊர்க்காரர்கள் காலை மடக்கி வழி விட்டார்கள். "நல்லா பேசுங்கண்ணே" என்று கூட ஒருவர் மெதுவாகச் சொன்னார். முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு சிநேகிதன். என்னைப் பார்க்கவில்லை.

பந்தலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கல்கால், கம்பி வலை, அறுக்கிற பெண்களின் கை. வார்த்தை தடையில்லாமல் வந்தது. மேடையில் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்க ஆரம்பித்திருந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் லைனில் கரண்ட் வந்துவிட்டது.

ஒரு செல்போன் அடித்தது. அடுத்து நாலைந்து. அடுத்து மண்டபம் முழுக்க. வேனில் வந்த ஒருத்தரும் போனை அணைக்கவில்லை போலிருக்கிறது. எடுத்த எல்லாப் போனிலிருந்தும் அதே பெண், மும்முனை மின்சாரம் வந்துள்ளது, மும்முனை மின்சாரம் வந்துள்ளது என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். அவர்கள் உட்கார்ந்திருந்த பின்வரிசைகளில் சிக்னல் சரியாக இல்லை, ஒன்றை அழுத்தினால் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஒருவர் பின் ஒருவராக, கடைசியில் நாற்காலிகள் மட்டும் இருந்தன.

தலைவர் வடக்கே எங்கோ பெரிய நகரத்தில் இருந்து வந்தவர். குழம்பிப்போய், "ஏன் எல்லாரும் எழுந்து போகிறார்கள்? இவர் பேசுவதற்கு எதிர்ப்பா?" என்று கேட்டார். கேட்டது என்னையில்லை, முதல் வரிசையில் மிச்சமிருந்த சிநேகிதனை. அவன் கையில் போன் இருந்தது. மேசைக்குக் கீழே வைத்து எதையோ அழுத்தினான், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அழுத்தினான். பிறகு எழுந்தான். என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மோட்டார் போடப் போகிறார்கள் சார் என்று. அவன் பக்கத்தில் நிறுவனத்து அதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"அவுக விருப்பம் சார்" என்றான்.

"ஐயா, மோட்டார் போடப் போறாக" என்று நான் மைக்கில் கத்தினேன்.

"மோட்டாரா? விஷயத்துக்கு வாருங்கள்" என்றார் தலைவர். மணி அடித்தது. என் நேரம் முடிந்துவிட்டது.

வெளியே வராண்டாவில் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் போனை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். "பேசி முடிச்சிட்டீகளா? என்னண்ணே, அதுக்குள்ளயா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்கள். அவர்களை நான் என்ன சொல்வது? திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒன்றையும் பார்க்காமல் வந்தேன். காலி நாற்காலிகளும் அவன் சொன்ன அந்த ஒரு வாக்கியமும்தான் கண்ணிலும் காதிலும் இருந்தன. வழியில்தான் அணைத்த செல்போனை நான் இன்னும் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பிஞ்சு விட்டிருக்கிற கொடிக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. அதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

தோட்டத்துக்கு வந்தால் தரை ஈரமாக இருந்தது. தொட்டி நிறைந்து விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது, சொட்டுநீர்க் குழாய்களின் கீழே ஒவ்வொரு தூரும் நனைந்திருந்தது. நான் பெட்டி முன்னால் நின்றேன். தானாக ஓடுகிற ஏற்பாடெல்லாம் என் பெட்டியில் கிடையாது. இரண்டு நம்பரில் ஒன்று அழுத்தினால்தான் ஓடும். என் நம்பர் அணைந்து என் சட்டைப்பையில் கிடந்தது.

அவன் மேசைக்குக் கீழே இரண்டு முறை அழுத்தியது அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஒன்று அவன் மோட்டாருக்கு, இன்னொன்று என்னுடையதற்கு. அத்தனை பேர் முன்னால் என்னைக் கைவிட்டவன், அதே நேரத்தில் அதே கையால் என் கொடிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறான். இதற்கு நன்றி சொல்வதா, செருப்பைக் கழற்றுவதா? வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். கேட்க ஆள் இல்லாததில் ஒரு சௌகரியம் உண்டு.

ஆணையத்தின் உத்தரவு பிறகு வந்தது. ஆட்சேபம் தெரிவிக்கப்பட்டபோது கலந்துகொண்ட பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறினர் என்று அதில் இருந்தது. கேபிள்களை நிறுவனமே சோதித்து, நிறுவனமே சான்று தரும் என்றும் இருந்தது. ஊரில் அதைப் படித்தவர்கள், "நாங்க எங்க எதிர்த்தோம்?" என்று என்னிடமே வந்து கேட்டார்கள். நான் மறுபடி எழுதினேன், மறுபடி மறுபடி எழுதினேன். கம்பம் சாய்ந்தபடியேதான் நின்றது. அந்த மூலையை நான் அறுப்புக்கு விடவில்லை. அந்தக் கம்பிகளை மட்டும் பந்தலிலிருந்து வெட்டிப் பிரித்துவிட்டேன், அங்கே கொடி கவாத்து இல்லாமல் காடாகக் கிடக்கிறது.

சிநேகிதன் டீக்கடையை மாற்றிக்கொண்டான். நான் அதே பெஞ்சில் அவன் இடத்தை விட்டே உட்கார்ந்தேன், பழக்கதோஷம். எதிரில் பைக்கில் வந்தால் அவன் தலையைத் திருப்பிக்கொள்வான், நானும் திருப்பிக்கொள்வேன். ஒரு வருஷம் பேசாமல் இருந்து பார்த்தால்தான் தெரியும், ஒரு ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை அற்ப விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, புளியமரத்தில் தேன் கட்டியிருக்கிறது, முதுகில் பிடித்திருக்கிறது. மகளிடம் இதையெல்லாம் சொன்னால் டாக்டரிடம் போகச் சொல்கிறாள்.

சில நாள் வேண்டுமென்றே செல்போனை எடுக்கமாட்டேன். அடித்து ஓயும். தொட்டிக்கரையில் உட்கார்ந்து பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் குழாய் ஒரு முறை இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டும். ஒரு நாளும் கொட்டாமல் இருந்ததில்லை. அவன் குழாய்க்கு அப்படி அழுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. அதுதான் என்னை அரித்தது.

சமீபத்தில் அந்த நிறுவனம், எங்கள் பெட்டிகளில் இருக்கிற அதன் பழைய சிம் கார்டுகள் இனி வேலை செய்யாது என்று அறிவித்துவிட்டது. யாரைக் கேட்டு அறிவித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் எல்லா மோட்டாரும் ஊமையாகிவிடும் என்பதால், ஸ்டார்ட்டர் மெக்கானிக் தோட்டம் தோட்டமாகப் போய்ப் புது சிம் மாற்றிக்கொண்டிருந்தார். என் பெட்டியையும் மாற்றினார். பழையதெல்லாம் அழிந்துவிட்டது, நம்பரைப் புதிதாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன்.

"ரெண்டாவது நம்பர் போடணுமாண்ணே? இல்ல, ஒண்ணு போதுமா?"

நான் சொன்னேன். செல்போனைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னேன். அழுத்திக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இது அவுக நம்பராச்சே. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லன்னு சொன்னாக."

"பேசிக்கிறதில்ல. போடுங்க."

போட்டார். அவன் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தீர்களா, இல்லை இனிமேல்தான் போகிறீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அவர் பைக் ஓடைப் பக்கம் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் கூப்பிட்டது. புது நம்பரை அதற்குள் சேமித்து வைத்திருந்தேன், 'மோட்டார்' என்றே வந்தது. ஒன்றை அழுத்திவிட்டுப் போனைப் பைக்குள் போட்டேன். உடனே மறுபடி அடித்தது. பெயர் இல்லாத நம்பர். கடன் வேண்டுமா என்று கேட்பார்கள் என்று கடுப்போடு எடுத்தேன்.

மும்முனை மின்சாரம் வந்துள்ளது என்றாள் அவள். மோட்டாரை இயக்க ஒன்றை அழுத்தவும்.

டீக்கடைக்காரர் என் கையில் இருந்த கிளாஸை வாங்கிக்கொண்டார். "என்னாச்சு? யாரு போன்ல?" என்றார். என் மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, இது ஓடைக்கு அந்தப் பக்கத்து மோட்டார். அவள் இரண்டாவது முறையும் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தேன். கம்பம் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது, பொதுமக்கள் வெளியேறினர் என்கிற வாக்கியம் இன்னும் உத்தரவில்தான் இருக்கிறது, நான் அவனை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லமாட்டேன்.

ஒன்றை அழுத்தினேன்.